மீட்டர் ஒரு சுற்று முடித்த ஸ்ப்ளெண்டர்: முதலில் மாற்ற வேண்டிய பாகம் எது?

2009-ஆம் ஆண்டில் என் தந்தையார் தஞ்சாவூரில் வாங்கிய ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர் பிளஸ் இன்றும் என்னிடம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் மீட்டர் 99,999-ஐத் தாண்டி மறுபடியும் பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கி, இப்போது 31,000-ஐக் காட்டுகிறது. வண்டி உண்மையில் ஓடியிருப்பது 1,31,000 கிலோமீட்டர். பாபநாசத்துக்கும் தஞ்சாவூருக்கும் இடையே நாள்தோறும் போய்வருகிற ஐம்பது கிலோமீட்டர்தான் இதில் பெரும்பகுதி. பதினைந்து ஆண்டு முடிந்ததும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆர்.சி.யை ஐந்தாண்டுக்குப் புதுப்பித்து, பசுமை வரியும் கட்டியாகிவிட்டது. எனவே இன்னும் சில ஆண்டுகளுக்கு இந்த வண்டியை நம்பித்தான் ஓட வேண்டும் என்ற முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்ட ஒன்று. எடுக்க வேண்டிய முடிவு, கையில் இருக்கும் பத்தாயிரம் ரூபாயை எந்தப் பாகத்தில் போடுவது என்பதே.

இந்த வயதுக்கு வந்த வண்டியில் தேயாத பாகம் என்று எதையும் சொல்ல முடியாது. இன்ஜின் கொஞ்சம் எண்ணெய் குடிக்கிறது; காலையில் கிளப்பும்போது சைலென்சரில் மெல்லிய நீலப் புகை தெரிகிறது; செயின் சத்தம் போடுகிறது; ஹேண்டில் நேர்கோட்டில் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்ததுபோல் நிற்கிறது; பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது பக்கவாட்டில் அசைகிறது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் ஆகும் செலவு வண்டியின் மறுவிற்பனை விலையை எட்டிப் பிடித்துவிடும். ஆகவே ஒன்றை இப்போதே செய்வதும், இன்னொன்றை ஆறு மாதம் தள்ளிப்போடுவதும், மூன்றாவதை அப்படியே விட்டு ஓட்டுவதும் தவிர வேறு வழியில்லை. அந்த வரிசையை எப்படி அமைப்பது என்பதில் நான் ஒருமுறை தவறு செய்திருக்கிறேன் என்பதால், இம்முறை ஒவ்வொரு வழியையும் மற்றொன்றோடு வைத்து நிதானமாக ஒப்பிட்டுப் பார்த்தேன்.

தவறு என்று சொன்னது 90,000 கிலோமீட்டரில் நடந்தது. அப்போது இழுவை குறைந்துவிட்டது என்று தோன்றியதால், கையில் இருந்த பணம் முழுவதையும் ஹாஃப் இன்ஜின் வேலைக்கு (இன்ஜினின் மேல்பாதியான சிலிண்டர், பிஸ்டன் பகுதியை மட்டும் புதுப்பிக்கும் வேலைக்கு) கொடுத்துவிட்டு, ஏழு ஆண்டு ஆகியிருந்த முன் டயரையும் பழைய பிரேக் ஷூவையும் அப்படியே விட்டுவிட்டேன். வண்டி முன்பைவிட நன்றாக இழுத்தது. ஐப்பசி மழையில் அய்யம்பேட்டை அருகே முன்னால் சென்ற வேன் திடீரென நின்றபோது, முன் பிரேக்கை அழுத்திய மாத்திரத்தில் டயர் வழுக்கி நான் சாலையில் விழுந்தேன். முழங்கையில் நான்கு தையலோடு போனது என் அதிர்ஷ்டம். டயரில் பட்டன் (சாலையைப் பிடிக்கும் மேடுபள்ள வார்ப்பு) இன்னும் இருந்தது; ஆனால் ரப்பர் பழையதாகி, நகத்தால் அழுத்தினால் பதியாத அளவுக்கு இறுகியிருந்தது. இன்ஜினுக்குப் புதுப் பலம் கொடுத்துவிட்டு, அந்தப் பலத்தை நிறுத்தவேண்டிய பாகங்களைப் பழையபடியே விட்டதன் விளைவு அது.

இதனால் இப்போது நான் பாகங்களை விலையை வைத்தோ சத்தத்தை வைத்தோ வரிசைப்படுத்துவதில்லை. இது முழுதாகக் கெட்டுப்போனால் எனக்கு என்ன ஆகும், கெட்டுப்போகும் முன் முன்னறிவிப்புக் கொடுக்குமா, இதை விட்டுவைத்தால் பக்கத்திலுள்ள வேறு பாகத்தையும் சேர்த்துக் கெடுக்குமா என்ற மூன்று கேள்விகளையும் ஒவ்வொரு பாகத்திடமும் கேட்கிறேன். இன்ஜின் தேய்மானம் மாதக்கணக்கில் புகையாகவும் எண்ணெய்க் குறைவாகவும் சொல்லிக்கொண்டே வரும். கடைசியில் நம்மை வழியில் நிறுத்தும், அவ்வளவுதான். இறுகிப்போன டயரோ, குண்டுகள் நொறுங்கிய சக்கர பேரிங்கோ தன் குறையைச் சொல்லும் நேரம் பெரும்பாலும் நாம் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும் நேரமாக இருக்கும்.

முன்பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். எங்கள் பகுதியில் முப்பது ஆண்டுக்கு மேல் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன், வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி இன்ஜினைப் பற்றிப் பேச ஆரம்பித்ததுமே, "இன்ஜின் இருக்கட்டும் தம்பி, முதல்ல முன்சக்கரத்தைத் தூக்குங்க" என்றார். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து முன்சக்கரத்தை நிலத்திலிருந்து எழுப்பினோம். ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாக இடமிருந்து வலமாகத் தள்ளச் சொன்னார். நடுவுக்கு வந்ததும் ஏதோ ஒரு குழியில் விழுந்ததுபோல் 'டக்' என்று நின்றது. இன்னும் கொஞ்சம் அழுத்தம் கொடுத்தால்தான் அங்கிருந்து நகர்ந்தது. பிறகு முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் இரண்டு கால்களையும் அடியில் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டியபோது கழுத்துப் பகுதியில் ஒரு சிறு ஆட்டம் கைக்குத் தெரிந்தது. ஹேண்டில் திரும்புவதற்கான பேரிங்காகிய கோன் செட் போய்விட்டது என்பதற்கு இந்த இரண்டும் போதுமான சான்று.

ஹேண்டிலின் கழுத்தில் மேலும் கீழுமாக இரண்டு கிண்ணங்களும் அவற்றில் உருளும் எஃகுக் குண்டுகளும் இருக்கின்றன. வண்டி பெரும்பாலும் நேராகவே போவதால், சாலைப் பள்ளங்களின் அடி அத்தனையும் குண்டுகள் ஒரே இடத்தில் நிற்கும்போது விழுந்து, கிண்ணத்தில் சிறு குழிகளைப் பதித்துவிடுகிறது. எடையைத் தாங்குவது கீழ்க் கிண்ணம் என்பதால் அதுதான் முதலில் கெடும். குண்டுகளை மட்டும் புதிதாகப் போட்டு, கிரீஸ் அடைத்து, நட்டை இறுக்கிக் கொடுக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. ஆட்டம் அன்றைக்கு நின்றுவிடும். ஆனால் குழி அப்படியே இருப்பதால் வண்டி நேர்கோட்டில் தானாக நிற்காமல் நெளிந்துகொண்டே போகும், புதுக் குண்டுகளும் சீக்கிரம் கெடும். முழு செட்டின் விலை ஒருமுறை டேங்க் நிரப்பும் செலவைவிடக் குறைவு. இதற்கு ஆகும் பெரிய செலவு கூலிதான். எனவே குண்டு மட்டுமா, முழு செட்டா என்ற கேள்விக்கு என்னிடம் தயக்கமே இல்லை.

கோன் செட்டுக்காக முன்பகுதியை எப்படியும் கழற்ற வேண்டியிருப்பதால், ஃபோர்க் ஆயில் சீலை அதே நேரத்தில் மாற்றுவதா என்பது அடுத்த கேள்வி. இங்கே சீலைவிட ஃபோர்க் பைப்பை முதலில் பார்க்க வேண்டும். சீல் உரசிப் போய்வரும் பகுதியில் விரலை ஓட்டினால் துருப் புள்ளிகள் நெருடுகிறதா என்று தெரியும். நெருடினால் எத்தனை நல்ல சீல் போட்டாலும் சில வாரங்களில் கிழிந்து எண்ணெய் கசியும். கசியும் எண்ணெய் பிரேக் டிரம்முக்குள் இறங்கினால் ஆபத்து இரட்டிப்பாகும். என் வண்டியில் பைப் சுத்தமாக இருந்ததால் சீலும் எண்ணெயும் மட்டும் மாற்றப்பட்டன. பைப் கெட்டிருந்தால் அதையும் சேர்த்து மாற்றும் அளவுக்குப் பணம் சேரும்வரை காத்திருப்பதே மேல்.

டயரைப் பொறுத்தவரை பட்டனின் ஆழம், ரப்பரின் வயது ஆகிய இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இருசக்கர வாகனங்களுக்கு 0.8 மில்லிமீட்டர் ஆழமாவது இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. பட்டன் பள்ளங்களின் அடியில் உள்ள தேய்மானக் கட்டிகளின் மட்டத்துக்கு டயர் தேய்ந்துவிட்டால் அதற்குமேல் யோசிப்பதற்கு இடமில்லை. வயதைப் பார்க்கப் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் பொறித்திருக்கும் நான்கு இலக்கங்கள் போதும்: 1419 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் பதினான்காவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். கடையில் புது டயர் வாங்கும்போதும் இந்த எண்ணைக் கேட்டுப் பார்த்து வாங்குவது நம் உரிமை. இந்த வண்டிக்கு முன்னும் பின்னும் 2.75-18 அளவே வருவதால், நல்ல நிலையிலுள்ள பின் டயரை முன்னால் மாற்றிக்கொண்டு ஒரே டயர் வாங்கலாமே என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. பின் டயர் நடுவில் தட்டையாகத் தேய்கிறது. அந்தத் தட்டை முகத்தை முன்னால் கொண்டுவந்தால் வளைவில் வண்டி சாயும்போது சட்டென்று விழுகிற உணர்வு வரும். இரண்டுக்கும் பணம் இல்லாவிட்டால் புது டயரை முன்னால் போட்டுவிட்டு, பின் டயரை அளவு பார்த்து ஓட்டுவதே என் தேர்வு.

டிரம் பிரேக்கில் தேய்மானத்தைக் கழற்றாமலே ஓரளவு அறியலாம். பிரேக்கை முழுவதும் அழுத்தியபடி, சக்கரத்தின் டிரம்மை மூடும் பேனலில் உள்ள முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தால், அது குறியீட்டைத் தொட்டுவிட்டால் ஷூ முடிந்தது என்று அர்த்தம். முள் இன்னும் மிச்சம் காட்டினாலும், ஷூவின் முகம் கண்ணாடிபோல் பளபளத்திருந்தால் பிடிமானம் இருக்காது. அத்தகைய ஷூவை உப்புக்காகிதத்தில் தேய்த்துப் போடுவதற்கும் புதிதாக மாற்றுவதற்கும் இடையே ஒப்பிட ஒன்றுமில்லை. ஷூவின் விலை அத்தனை குறைவு. டிரம்மின் உள்விட்டத்தை அளந்து பார்ப்பதுதான் பலரும் விட்டுவிடும் வேலை. அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச அளவைத் தாண்டிய டிரம்மில் புது ஷூவும் முழு முகத்தால் ஒட்டாது. பழைய ஷூவின் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால், அதைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கும்படி கேட்டுக்கொள்வது மெக்கானிக்கின் நுரையீரலுக்கும் நல்லது.

பின்பக்கத்துக்கு வருவோம். ஸ்ப்ளெண்டரில் செயின் முழுவதும் தகரக் கவருக்குள் மூடியிருக்கிறது. மண்ணும் மழைநீரும் அதிகம் புகாததால் செயின் நீண்ட காலம் உழைப்பது உண்மை. ஆனால் கண்ணில் படாததால் அதை மறந்துவிடுவதும் உண்மை. கவரில் உள்ள சிறிய ரப்பர் மூடியைத் திறந்து தொய்வை மட்டும் பார்த்துவிட்டு, இழுத்து இறுக்கி மூடுவதோடு பலரும் நிறுத்திக்கொள்கிறோம். நான் இம்முறை கவரையே கழற்றச் சொன்னேன். பின் ஸ்ப்ராக்கெட்டின் (செயின் மாட்டும் பல்சக்கரத்தின்) பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொக்கிபோல் வளைந்திருந்தன. சக்கரத்தின் பின்முனையில் செயினை விரலால் பிடித்து இழுத்தபோது பல்லின் பாதி உயரம் வெளியே தெரிந்தது.

அளவாகச் சொல்வதானால், இதில் உள்ள 428 வகைச் செயினில் ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் இடையே 12.7 மில்லிமீட்டர்; இருபது கண்ணிகளுக்கு 254 மில்லிமீட்டர். செயினை இழுத்துப் பிடித்து அளக்கும்போது இது 259-ஐ எட்டிவிட்டால் இரண்டு சதவீதம் நீண்டுவிட்டது, மாற்ற வேண்டும் என்பது பொதுவான வரம்பு. என் செயின் 261 காட்டியது. ஒரு சாதாரண ஸ்டீல் ஸ்கேல் இருந்தால் எவரும் பார்த்துவிடக்கூடிய அளவு இது.

இந்த இடத்தில் செயினை மட்டும் மாற்றுவதா, இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளோடு செட்டாக மாற்றுவதா என்ற கேள்வி எழும். செயினை மட்டும் மாற்றினால் கையில் பாதிப் பணம் மிஞ்சும். ஆனால் நீண்ட செயினுக்கு ஏற்பத் தேய்ந்த பற்களில் சரியான அளவுள்ள புதுச் செயின் பொருந்தாமல் ஒவ்வொரு பல்லிலும் ஏறி இறங்குவதால், அதுவும் சீக்கிரமே நீண்டு பழைய நிலைக்கு வந்துவிடும். தேய்ந்த பாகம் பக்கத்துப் பாகத்தையும் கெடுக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வண்டியில் இல்லை. செட்டாக வாங்கினேன். இந்த ஒன்றில் மட்டும் கம்பெனி ஒரிஜினலைத்தான் வாங்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதில்லை. சென்னையைச் சேர்ந்த முருகப்பா குழுமத்தின் டயமண்ட் செயின் போன்ற, செயின் செய்வதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்களின் செட்டுகள் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. பெயரில்லாத அட்டைப் பெட்டியில் வரும் செட்டை மட்டும் தொடவில்லை. அவற்றில் ஸ்ப்ராக்கெட்டின் மேல்தோல் சரியாகக் கடினமாக்கப்படாமல் இருந்தால் பல் வெகு சீக்கிரத்தில் கரைந்துவிடும்.

பின்சக்கரத்தைக் கழற்றிய அந்த ஒரு மணி நேரம்தான் என் பார்வையில் இந்த வேலை முழுவதிலும் மிக மதிப்பு வாய்ந்தது. சக்கரம் வெளியே வந்ததும் டேம்பர் ரப்பர் (செயின் இழுக்கும் அதிர்ச்சியைத் தாங்கும் ரப்பர்), சக்கர பேரிங், பிரேக் ஷூ, டயர், டியூப், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. இவற்றில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒருநாள் போனால் ஒவ்வொரு முறையும் அதே சக்கரத்தைக் கழற்றி மாட்டும் கூலியைக் கொடுக்க வேண்டும். ஸ்விங் ஆர்மைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தபோது முனையில் விரல் தடிமனுக்கு அசைந்தது. பள்ளத்தில் பின்சக்கரம் நழுவுவதுபோல் இத்தனை நாள் நான் உணர்ந்ததற்குக் காரணம் இதுவே என்பதும், ஷாக் அப்சர்பரை மாற்றச் சொன்ன ஒருவரின் யோசனையைக் கேட்டிருந்தால் வீண்செலவாகியிருக்கும் என்பதும் அப்போது புரிந்தது. ஷாக்கில் கசிவு இல்லை. உட்கார்ந்து எழுந்தால் ஒரே ஆட்டத்தில் அடங்குகிறது. அதை விட்டுவைத்தேன். பேரிங் இரண்டும் விரலால் சுழற்றும்போது மணல் அரைபடுவதுபோல் இருந்ததால் மாற்றப்பட்டன. டேம்பர் ரப்பர் இன்னும் கொஞ்சம் ஓடும்தான். ஆனால் அதன் விலையும், மறுபடி சக்கரம் கழற்றும் கூலியும் ஏறக்குறைய ஒன்றே என்பதால் அதையும் போட்டுவிட்டேன். ஸ்போக்குகளை மட்டும் ஒவ்வொன்றாக ஸ்பேனரால் தட்டிப் பார்த்து, கணீரென்று ஒலிக்காமல் மந்தமாக ஒலித்த நான்கை இறுக்கியதோடு சரி.

இனி இன்ஜின். இதைக் கடைசியில் வைத்தாலும் இதில்தான் முடிவெடுப்பது சிக்கலானது. 50 மில்லிமீட்டர் விட்டமும் 49.5 மில்லிமீட்டர் ஓட்டமும் கொண்ட இந்த 97.2 சிசி படுக்கை இன்ஜின் எளிமையாலேயே நீண்ட நாள் உழைப்பது. புகை வருகிறது என்றதும் போர் போட்டுவிடலாம் (சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து பெரிதாக்கலாம்) என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. ஆனால் புகை எப்போது வருகிறது என்று கவனித்தால் நோய் வேறாக இருக்கக்கூடும். இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் கிளப்பும்போது ஒரு கொத்து நீலப் புகை வந்து அடங்கினாலோ, இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டு ஓட்டிவிட்டு மறுபடி முறுக்கும்போது வந்தாலோ, வால்வு சீல் அல்லது வால்வு கைடு தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். முறுக்க முறுக்கத் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால் பிஸ்டன் ரிங்கும் போரும் (சிலிண்டரின் உட்சுவரும்) தேய்ந்திருக்கின்றன. பின்னதற்கு லேத் பட்டறை வேண்டும். முன்னதற்கு ஹெட்டை மட்டும் கழற்றி வேலை பார்த்தால் போதும்.

இன்னும் உறுதியாக அறிய, கம்ப்ரெஷன் கேஜை பிளக் துளையில் வைத்து அளந்துவிட்டு, ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயிலைத் துளை வழியாக விட்டு மறுபடி அளக்க வேண்டும். எண்ணெய் ரிங்கைச் சுற்றி அடைப்பதால் அளவு நன்றாக உயர்ந்தால் ரிங்கும் போரும் காரணம். உயராவிட்டால் காற்று வால்வு வழியாகத்தான் போகிறது. அளப்பதற்கு முன் டேப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் இடையே உள்ள இடம்) சரியாக இருக்கிறதா என்று பார்க்காவிட்டால் இந்தச் சோதனையே பொய் சொல்லும். என் வண்டியில் காலைப் புகை மட்டும்தான். எண்ணெய் விட்டபோது அளவு சற்றே உயர்ந்தது. எண்ணெய்க் குறைவு 1,000 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 100 மில்லி. இந்த இன்ஜின் ஒரு முறைக்கு எடுப்பதே சுமார் ஒரு லிட்டர் என்பதால் அளவுக்குச்சியை வாரம் ஒருமுறை பார்த்து ஊற்ற வேண்டியிருக்கிறது. ஆனால் இன்றைக்கே திறக்க வேண்டிய நிலை இது என்று நான் கருதவில்லை.

திறக்க வேண்டிய நாள் வரும்போது இரண்டு வழிகள் உண்டு. பழைய சிலிண்டரை லேத்தில் போர் போட்டு 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் (அந்த அளவு பெரிதான) பிஸ்டனைப் போடுவது ஒன்று. சிலிண்டர், பிஸ்டன், ரிங், பின் எல்லாம் சேர்ந்த புதிய கிட்டை வாங்குவது மற்றொன்று. செலவில் போர் போடுவதே குறைவு. அதன் தரம் முழுக்க முழுக்க லேத்தில் நிற்பவரின் கையைப் பொறுத்தது. மேல், நடு, அடி ஆகிய மூன்று இடங்களிலும் இரண்டு திசைகளில் அளந்து, வாங்கிவந்த பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கேற்ற இடைவெளியில் வெட்டி, கடைசியில் ஹோனிங் செய்து, குறுக்கும் மறுக்குமான நுண்ணிய கோடுகளை விட்டுத் தருபவரிடம் கொடுத்தால் அது கிட்டுக்குச் சற்றும் குறையாது. பிஸ்டனைக் காட்டாமலே "0.25-க்கு வெட்டிவைக்கிறேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லும் இடத்தில் கொடுப்பதைவிட கிட் வாங்குவது நல்லது. 90,000-இல் எனக்கு நடந்தது இப்படிப் பிஸ்டனைப் பார்க்காமல் வெட்டிய வேலைதான். வண்டி நாற்பதாயிரம் கிலோமீட்டருக்குள் மறுபடி எண்ணெய் குடிக்கத் தொடங்கியதற்கு அதுவே காரணம் என்று இப்போது நம்புகிறேன். அடுத்த முறை கிட் என்பதே என் முடிவு. ஸ்டாண்டர்டு அளவில் இருப்பதால் பின்னாளில் ஒருமுறை போர் போட்டுக்கொள்ளும் வாய்ப்பும் அதில் மிஞ்சும்.

ஹெட்டைத் திறக்கும் நாளில், வால்வுகளைப் பொருத்திய பிறகு போர்ட்டுக்குள் (ஹெட்டில் காற்றும் புகையும் போகும் வழிக்குள்) பெட்ரோல் ஊற்றி, வால்வின் ஓரத்தில் கசிகிறதா என்று சில நிமிடம் பார்க்கச் சொல்ல வேண்டும். ஒரு சொட்டு இறங்கினாலும் லேப்பிங் (வால்வை அதன் இருக்கையில் தேய்த்துப் பொருத்தும் வேலை) இன்னும் முடியவில்லை. டைமிங் செயினையும் டென்ஷனர் ரோலரையும் அப்போதே மாற்றிவிடுவது டேம்பர் ரப்பருக்குச் சொன்ன அதே கணக்கு. வலதுபுற கிளட்ச் கவரைத் திறக்கும் வேலை எது வந்தாலும், உள்ளே இன்ஜினின் சுழல்தண்டாகிய கிராங்கின் முனையில் சுழலும் ஆயில் வடிகட்டியைத் துடைக்கச் சொல்வதை மறக்கக் கூடாது. இந்த இன்ஜினில் மாற்றிப் போடும் காகித ஃபில்டர் கிடையாது. சுழற்சியில் வீசப்படும் அழுக்கு அந்தக் கிண்ணத்தின் சுவரில் களிமண்போல் அப்பிக்கொள்ளும். என் வண்டியில் கிளட்ச் பிளேட் மாற்றியபோது அதிலிருந்து ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டி எடுத்த கறுத்த படலம் அரை தீப்பெட்டி அளவுக்கு இருந்தது.

பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடில் தட்டும் சத்தம் வந்துவிட்டால் கணக்கு அடியோடு மாறுகிறது. ராடைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் சிறிது இடம் இருப்பது இயல்பு. மேலும் கீழும் தூக்கினால் ஆட்டம் தெரியவே கூடாது. தெரிந்தால் இன்ஜின் உறையைப் பிரித்து, கிராங்கை பிரஸ்ஸில் பிரித்துச் சேர்க்கும் முழு இன்ஜின் வேலை. எங்கள் பக்கத்தில் ஹாஃப் இன்ஜினுக்கு என்னிடம் கேட்ட தொகை ஏழாயிரத்திலிருந்து ஒன்பதாயிரம் வரை. முழு இன்ஜின் அதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. அந்த நிலையில் வண்டியை விற்றுவிட்டு வேறு பழைய வண்டி வாங்கலாமா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அப்படி வாங்கும் வண்டியின் கோன் செட்டும் பேரிங்கும் செயினும் எந்த நிலையில் இருக்கின்றன என்று நமக்குத் தெரியாது. வாங்கிய மாதமே இங்கே சொன்ன அத்தனை வேலையும் அதற்கும் தொடங்கும். இதே மாடல் புதிதாகச் சாலைக்கு வர முக்கால் லட்சத்துக்கு மேல் ஆகிறது. சேஸிஸில் விரிசலோ, துருவேறி மெலிந்த இடமோ இல்லாதவரை, வரலாறு முழுவதும் எனக்குத் தெரிந்த வண்டியைச் சரிசெய்வதே தெரியாத வண்டியை வாங்குவதைவிட மேல் என்று நினைக்கிறேன். சேஸிஸ் கெட்டிருந்தால் இந்த வாதம் முழுவதையும் கைவிட்டு விற்றுவிடுவேன்.

ஒரிஜினலா, லோக்கலா, பழையதா என்ற கேள்விக்கு எல்லாப் பாகத்துக்கும் பொதுவான ஒரே பதில் கிடையாது. ரப்பர், சீல், கேபிள், பிரேக் ஷூ, கோன் செட், கிளட்ச் பிளேட் ஆகியவற்றில் கம்பெனி ஒரிஜினலுக்கும் லோக்கலுக்கும் விலை வித்தியாசம் சிறியது, தர வித்தியாசம் பெரியது. பேரிங்கில் வண்டிக் கம்பெனியின் பெட்டியைவிட பேரிங் செய்யும் நல்ல நிறுவனத்தின் பெயரையும் வளையத்தில் பொறித்த எண்ணையும் பார்த்து வாங்கினால் போதும். மட்கார்டு, சைடு பேனல், ஹேண்டில் பார், கேரியர், செயின் கவர் போன்றவற்றைச் சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தையில் வளைவும் வெடிப்பும் பார்த்து வாங்குவதில் குறை ஒன்றும் இல்லை. டயரையும் பேரிங்கையும் பிரேக் சம்பந்தமான எதையும் அங்கே வாங்கக் கூடாது.

பெட்ரோல் வழியில் உள்ள ரப்பரைப் பற்றி ஒரு சொல். இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் எங்கும் வந்துவிட்டது. எத்தனால் பழைய வகை ரப்பரை வீங்கச் செய்யும்; காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும். 2009-இல் செய்த கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் குழாய், டேப்பின் வாஷர், கார்புரேட்டர் மிதவைக் கிண்ணத்தின் வளையம் ஆகியவற்றை மொத்தமாக மாற்ற ஆகும் செலவு மிகச் சிறியது. மைலேஜ் குறைந்தது என்று இன்ஜினைச் சந்தேகிப்பதற்கு முன் இவற்றையும், ஏர் ஃபில்டரையும், பிளக்கையும், பிரேக் உரசிக்கொண்டே ஓடுகிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

இம்முறை பத்தாயிரத்துக்குள் கோன் செட், ஃபோர்க் சீல், இரு டயர்கள், இரு பிரேக் ஷூக்கள், பின்சக்கர பேரிங், ஸ்விங் ஆர்ம் புஷ், செயின் செட், டேம்பர் ரப்பர், பெட்ரோல் குழாய் ஆகியவை முடிந்து, சில நூறு ரூபாய் மிச்சமும் இருக்கிறது. காலையில் அந்த மெல்லிய நீலப் புகை இன்னும் வருகிறது. ஆயில் ஊற்றிய தேதியையும் மீட்டர் எண்ணையும் பெட்டியில் ஒரு சிறு நோட்டில் எழுதிவருகிறேன். 1,000 கிலோமீட்டருக்கு 200 மில்லியைத் தாண்டும் மாதத்தில் ஹெட்டைத் திறப்பது என்று மெக்கானிக் அண்ணனோடு பேசிவைத்திருக்கிறேன், கிட்டுக்கான பணத்தை அதற்குள் சேர்த்துவிடலாம்.